தனக்காக எழுதுகிறவன் பொருளடக்கம் போடுவானா?

எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும், தாங்கள் போன பிறகும் தங்கள் படைப்பு இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்படுகிறார்களா? எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் போன மாதம் இந்தப் பேச்சு வந்தது. "உண்மையான கலைஞன் அதை நினைக்கவே மாட்டான்" என்றார் ஒருவர். "எல்லாம் பேராசைதான் அண்ணாச்சி, பேர் மேல உள்ள ஆசை" என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. அங்கே பதில் சொல்லத் தொடங்குவதற்குள் பேச்சு அகவிலைப்படிக்குத் தாவிவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நமக்குப் பக்கத்திலிருக்கும் கடையத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியில் உள்ள ஊர். செல்லம்மாளின் பிறந்த ஊர் என்பதால், புதுச்சேரியை விட்டு வெளியேறி, கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையானதும் 1918 கடைசியில் பாரதி அங்கேதான் வந்து சேர்ந்தார். கையில் காசில்லை. அந்த நிலையில் 1920-ல் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புகிறார். தம் எழுத்துக்களை 40 நூல்களாக அச்சிடப் போவதாகவும், ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் போடப் போவதாகவும், அதற்குப் பணம் கடனாகத் தர வேண்டும் என்றும் கேட்கிறார். மொத்தம் 4 லட்சம் படிகள்! மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடு வீடாகத் தம் புத்தகம் விற்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

இந்தச் சுற்றறிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் "பாவம், உலகம் தெரியாத மனிதர்" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதில் ஒன்றைக் கவனித்தேன். நூறு ஆண்டு கழித்து என்னை நினையுங்கள் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே விற்க வேண்டும், இப்போதே படிக்க வேண்டும் என்றுதான் கேட்டார். தீப்பெட்டியை யாரும் பேரனுக்கென்று வாங்கி வைப்பதில்லை அல்லவா? அன்று மாலை விளக்கேற்றத்தான் வாங்குகிறார்கள்.

பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் 39 வயது நிறைவதற்குள் போய்விட்டார். அதன் பிறகு அந்த எழுத்தைக் காப்பாற்றியது யார்? முதலில் செல்லம்மாள். கணவர் போன மறு வருடமே பாரதி ஆசிரமம் என்ற பெயரில் அவர் பாடல்களை அச்சிட முனைந்தார். பிறகு பாரதியின் தம்பி விசுவநாதனும் உறவினர்களும் பிரசுராலயம் நடத்தினார்கள். 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கொள்ள, பின்னர் அது பொதுச் சொத்தாயிற்று. அதற்கப்புறம்தான் தீப்பெட்டி விலையில் பாரதி கிடைத்தார். அவர் போட்ட கணக்கு தப்பவில்லை. நிறைவேறும்போது அவர் இல்லை, அவ்வளவே.

ஆகவே என் முதல் கருத்து இது. எழுதுகிறவனின் ஆசை உண்மையில் "சாகாமல் இருக்க வேண்டும்" என்பதல்ல, "யாராவது படிக்க வேண்டும்" என்பது. இன்று படிக்க ஆள் இருந்தால் அவன் நாளையைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. இன்று ஆள் கிடைக்காதபோதுதான் ஆசையை நாளைக்குத் தள்ளிப் போடுகிறான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். (பாரதி குடியிருந்த ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு வழியாகத்தான் பள்ளிக்குப் போவேன். வகுப்பில் மனப்பாடம் செய்ததெல்லாம் விக்தோர் ஹ்யூகோவும் லாஃபோந்தேனும்!) எங்கள் வகுப்பில் சொல்லித் தந்த ஸ்தாந்தால் என்ற நாவலாசிரியர் இதற்கு நல்ல உதாரணம். அவரும் நம்மைப் போல அரசாங்க உத்தியோகஸ்தர்தான். இத்தாலியில் ஒரு சிறு துறைமுகத்தில் பிரெஞ்சுத் தூதராக உட்கார்ந்து, அலுப்புத் தாங்காமல் எழுதிக்கொண்டிருந்தார். அவர் காலத்தில் அவரைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். 1835 வாக்கில் தம் தன்வரலாற்றில், தம் எழுத்து ஒரு லாட்டரிச் சீட்டு என்றும், அதற்கான பெரிய பரிசு 1935-ல் யாராவது தம்மைப் படிப்பது என்றும் எழுதிவைத்தார். அந்தத் தன்வரலாறே அவர் இறந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகுதான் அச்சில் வந்தது. பரிசு விழுந்தது. எங்கள் வாத்தியார் அவரை எங்களுக்கு நடத்தியது 1935-க்கும் முப்பது ஆண்டுகள் கழித்து, அதுவும் வங்கக் கடலோரத்தில்.

அவருக்கு நேர் எதிரானவர் மோந்தேன். 1580-ல் கட்டுரைகள் வெளியிட்டவர். தம் புத்தகம் சில பேருக்காக, சில ஆண்டுகளுக்காக மட்டுமே என்று சொன்னார். காரணம் அடக்கம் மட்டுமல்ல. பிரெஞ்சு மொழி நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கிறது, நீண்ட நாள் நிற்க வேண்டிய விஷயமானால் லத்தீனில் அல்லவா எழுதியிருப்பேன் என்றார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தமிழில் எழுதுகிறவர்கள் மீது சின்னப் பொறாமை வரும். நம்மில் எவ்வளவு சாதாரணமாக எழுதுகிறவனுக்கும், தன் மொழி தனக்குப் பின்னும் இருக்கும் என்பதில் சந்தேகமே வருவதில்லை. மோந்தேனுக்கு அந்த நிம்மதி இல்லை. ஆனாலும் மனிதர் சாகும்வரை தம் புத்தகத்தின் ஓரங்களில் திருத்தங்களையும் சேர்க்கைகளையும் எழுதிக்கொண்டே இருந்தார். சில ஆண்டுகளுக்கு மட்டும் போதும் என்பவர் எதற்காக அத்தனை திருத்துகிறார்?

பிரான்சில் இதற்கென்று ஒரு சபையே இருக்கிறது. 1635-ல் ரிஷ்லியே கர்தினால் ஏற்படுத்திய பிரெஞ்சு அகாதெமி. 40 நாற்காலிகள். (பாரதிக்கும் 40. தற்செயல்தான்.) அதில் உட்காருபவர்களுக்கு "இறவாதவர்கள்" என்றே பட்டம். மோலியேர் அதில் உட்காரவில்லை, பல்சாக் உட்காரவில்லை, பலமுறை நின்று பார்த்தும் ஸோலாவுக்கு இடமில்லை. உட்கார்ந்த நூற்றுக்கணக்கானவர்களில் பாதிப் பேரின் பெயர் பிரெஞ்சுக்காரர்களுக்கே தெரியாது. இறவாமையை அரசாணையால் வழங்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நான் அரசாணைகளோடு காலம் தள்ளியவன். புதுச்சேரியிலிருந்து அம்மாவின் ஊரான இந்தத் தென்காசிப் பக்கம் வந்து, சர்வீஸ் கமிஷன் எழுதி, முப்பத்திரண்டு வருடம் குமாஸ்தா வேலை பார்த்தேன். அதில் கொஞ்ச காலம் ரிக்கார்டு அறையில். ஒரு கோப்பு முடிந்ததும் அதற்கு ஆயுள் எழுத வேண்டும். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். டி.டிஸ். என்றால் பத்து வருடம். கே.டிஸ். மூன்று வருடம். எல்.டிஸ். ஒரே வருடம். காலம் முடிந்ததும் கிழித்துவிட வேண்டியதுதான். நான் கை ஒடிய எழுதிய குறிப்புகளில் முக்கால்வாசி கே.டிஸ்., எல்.டிஸ். ரகம். எந்தத் துறைமுகத்தில் எழுதினாலும் ஸ்தாந்தாலின் அலுவலகக் கடிதங்களுக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கும் என்று நினைத்து ஆறுதலடைவேன்.

அந்த அறையில் புரிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. எந்தக் கோப்பு பிழைக்கும் என்பது அதன் நடையழகைப் பொறுத்ததல்ல. அடுக்கி வைத்த ஆளைப் பொறுத்தது. கரையான் மருந்து போட்டாரா, மழைக்கு முன் ஓடு மாற்றச் சொல்லி எழுதினாரா, கட்டைப் பிரித்துக் காயவைத்தாரா என்பதைப் பொறுத்தது.

நம் மாவட்டத்திலேயே இதற்கு நெஞ்சைக் கலக்கும் ஒரு கதை உண்டு. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிவலம்வந்தநல்லூர். தென்காசிப் பாண்டியர் வழியில் வந்த வரதுங்கராம பாண்டியர், தாமே கவிஞர், ஏராளமான ஏடுகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவை அந்த ஊர்க் கோயிலில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு உ.வே. சாமிநாதையர் ஓடோடி வந்தார். கோயில் பொறுப்பிலிருந்தவர் சொன்ன பதில் என்ன தெரியுமா? பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்று ஆகமத்தில் இருக்கிறதாம், அப்படியே செய்துவிட்டார்களாம். ஐயர் இதைத் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். வாசிக்கும்போது நமக்கே வயிறு எரிகிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த நெருப்பில் போனவை எவை என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. எரித்தவர்கள் கெட்டவர்களும் அல்ல. விதிப்படி செய்தார்கள். விதிப்படி கிழித்தவன் என்ற முறையில் அவர்கள் மேல் எனக்குக் கோபம்கூட முழுதாக வரவில்லை.

அதே வம்சத்து அதிவீரராம பாண்டியரைப் பாருங்கள். 16-ஆம் நூற்றாண்டு. நைடதம் என்ற பெரிய காவியம் பாடினார். காசிகாண்டம், கூர்மபுராணம் என்று பெரிய பெரிய நூல்கள். ஆனால் நம் தலைமுறையின் வாயில் நின்றது எது? பிள்ளைகளுக்காக அவர் எழுதிய சின்னஞ்சிறு வெற்றிவேற்கை. நைடதம் படித்தவரைத் தேட வேண்டும், வெற்றிவேற்கையில் இரண்டு வரி சொல்லாத எழுபது வயதுக்காரர் இருக்கமாட்டார். எது நிற்க வேண்டும் என்று எழுதியவர் நினைத்தாரோ, நாம் அதையே வைத்துக்கொள்வோம் என்ற உத்தரவாதம் கிடையாது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரும் தலபுராணம் முதலாகப் பல நூல்கள் எழுதினார். மதுரை நாயக்கர் நிலம் கொடுத்ததும், ஊர் இன்றுவரை ஆடிப் பாடுவதும் குறவஞ்சியைத்தான்.

சரி, ஆசையே படாத கலைஞர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். குற்றாலத்துச் சித்திர சபைக்குப் போய்ப் பாருங்கள். சுவர் முழுக்க மூலிகை வண்ணத்தில் தெய்வங்களும் புராணங்களும். வரைந்தவர்களின் பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. ஜூன் மாதச் சாரலும் ஈரமும் எந்த வண்ணத்தையும் விட்டுவைக்காது என்று இந்த ஊரில் வரைய வந்தவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் வரைந்தான். பிற்காலத்தார் மறுபடி மறுபடி புதுப்பித்ததால்தான் நாம் பார்க்கிறோம்.

வீட்டிலேயும் ஒரு கலைஞர் உண்டு. என் மனைவியிடம் கேட்டேன். "தினமும் கோலம் போடுதியே, அழிஞ்சு போகுதேன்னு வருத்தம் கிடையாதா?" "அழிஞ்சாத்தானே நாளைக்கு வேற போட முடியும்?" என்றாள். பெரிய தத்துவம் கிடைத்துவிட்டது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். மார்கழி வந்தது. பார்த்தால் ஒவ்வொரு நாளும் கோலத்தைப் போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். நான் எதுவும் கேட்கவில்லை.

புதுமைப்பித்தன் நம் நெல்லைச் சீமைக்காரர். செத்த பிறகு எனக்காக வசூல் செய்யாதீர்கள், கல் நாட்டாதீர்கள் என்ற பொருளில் ஒரு கவிதை எழுதினார். 1948-ல் மறைந்தார். வேண்டாம் என்பவர் அதை ஏன் கவிதையாக, அதுவும் அவ்வளவு கூர்மையாக எழுத வேண்டும்? வேண்டாம் என்றது கல்லை. கவிதையை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லையே!

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. காப்பாற்ற வருகிறவர் சும்மா காப்பாற்றுவதில்லை, கையும் வைப்பார். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் இங்கேயே மறைந்தவர். ராஜாஜியும் கல்கியும் தேடி வந்து கேட்ட பேச்சு அவருடையது. கம்பனை ஊருக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. ஆனால் தமக்குக் கவிதையாகப் படாத பாடல்களை "இது கம்பன் பாட்டே இல்லை" என்று தள்ளினார், சொற்களையும் திருத்தினார். புலவர்கள் கொதித்தார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. என்னைக் கேட்டால், நெய்யில் தோய்த்து எரிப்பதைவிட டி.கே.சி.யிடம் திருத்துப் படுவது எந்தக் கவிஞனுக்கும் மேல். வேடிக்கை என்னவென்றால், டி.கே.சி.யின் பெரிய கலை பேச்சு. அது காற்றோடு போயிற்று. கட்டுரைகளும் கடிதங்களும், கேட்டவர்கள் எழுதி வைத்த நினைவுகளும்தான் மிச்சம். அவரைத் தேடி வந்த இளைஞர்களில் ஒருவரான கி. ராஜநாராயணன் பிற்காலத்தில் என் ஊரான புதுச்சேரிக்குப் போய்த் தங்கி, பெயர் தெரியாத கிழவிகள் சொன்ன கதைகளைத் தொகுத்தார். அந்தக் கிழவிகள் யாரும் லாட்டரிச் சீட்டு வாங்கவில்லை. பரிசு விழுந்திருக்கிறது.

இந்த ஆசையை ஒளிக்காமல், வெட்கப்படாமல், மிகச் சரியாகச் சொன்னவர் என்று நான் மதிப்பது நம் ஊர் ராஜாவைத்தான். 1446-ல் காசிவிசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியர். கோயிலில் கல்லில் வெட்டியுள்ள பாடல் ஒன்றில், இந்தக் கோயிலுக்கு என்றாவது ஒரு குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை உலகறியப் பணிகிறேன் என்கிறார். முடிசூடிய ராஜா, இன்னும் பிறக்காத யாரோ ஒரு கொத்தனாரின், யாரோ ஒரு தர்மகர்த்தாவின் முன்னால் தலை குனிகிறார். அதே பாடலில் தம் பெயரையும் மறக்காமல் போட்டுக்கொள்கிறார். பெயர் ஆசை இல்லை என்று அவர் நடிக்கவில்லை. பெயர் மட்டும் போதாது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது.

குறை வரத்தான் செய்தது. கோபுரம் சிதைந்து நீண்ட காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. நான் இங்கே வேலைக்கு வந்தபோது பார்த்தது அந்த மொட்டையைத்தான். பிறகு ஊர் கூடி ஒன்பது நிலைக் கோபுரத்தை மறுபடி எழுப்பி, 1990-ல் குடமுழுக்கு நடந்தது. ராஜா பணிந்தது ஐந்நூறு ஆண்டுக்கு மேல் கழித்து வந்த அந்த ஆட்களைத்தான். கூட்டத்தில் நின்று நானும் பார்த்தேன். முதுகில் வெயில் எரிந்தது, யாரோ என் காலை மிதித்தார்கள், ஆனாலும் பார்த்தேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர் சென்ற ஐப்பசியில் காலமானார். நாற்பது வருடப் பழக்கம். கவிதை எழுதுவார். பத்திரிகைக்கு அனுப்பச் சொன்னால் "வேண்டாம்யா, நான் எனக்காக எழுதுதேன்" என்பார். காரியம் முடிந்து சில வாரம் கழித்து அவர் மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். "மாமா, வீட்டைக் காலி பண்ணப் போறோம். அப்பாவோட நோட்டெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கு. எங்களுக்கு வைக்க இடமில்லை. எடைக்குப் போட மனசு வரல. நீங்க பாக்குறீங்களா?" நல்ல பையன். கேட்டானே!

ஆட்டோவில் ஏற்றி வந்து திறந்தேன். நீள நோட்டுகள். அத்தனையும் முத்து முத்தான நல்ல படி. எல்லாப் பக்கத்துக்கும் எண். ஒவ்வொரு கவிதைக்கும் தேதி. கடைசி இரண்டு பக்கத்தில், சிவப்பு மையில் கோடு போட்டு, பொருளடக்கம்!

தனக்காக எழுதுகிறவன் பொருளடக்கம் போடுவானா? எந்தக் கவிதை எந்தப் பக்கத்தில் என்று எழுதியவனுக்குத் தெரியாதா? அந்தச் சிவப்புக் கோடு வேறு யாருக்கோ போட்டது. எனக்குத்தான் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். யாருக்கோ.

முழுவதும் படித்தேன். முந்நூறுக்கும் மேற்பட்ட கவிதைகள். உண்மையைச் சொன்னால் பெரும்பாலானவை சுமார். வாழ்த்துப் பாக்கள், பிரிவு உபசார விழாப் பாடல்கள். ஆனால் முப்பது, முப்பத்தைந்து கவிதைகள் நன்றாக இருக்கின்றன. அதில் ஒன்று செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர் போன பழைய மீட்டர் கேஜ் ரயிலைப் பற்றியது. குகைக்குள் வண்டி நுழையும்போது பெட்டியில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்துவதைச் சொல்லியிருக்கிறார். நானும் அந்த வண்டியில் எத்தனையோ முறை போனவன், எனக்கு அது தோன்றியதில்லை. 2010-ல் அந்த வண்டி நின்றது. இப்போது அகலப் பாதை. அந்த மௌனம் இந்த நோட்டில்தான் இருக்கிறது.

தினம் மூன்று பக்கம் கணினியில் ஏற்றுகிறேன். என் விரல் வேகத்துக்கு அதுவே அதிகம். டி.கே.சி. போலத் தள்ளவோ திருத்தவோ எனக்குத் தகுதியில்லை. பிரிவு உபசாரப் பாடல்களையும் சேர்த்தே ஏற்றுகிறேன். இரண்டு நோட்டு முடிந்திருக்கிறது. அட்டையில் பழக்கதோஷத்தில் பென்சிலால் "டி.டிஸ்." என்று போட்டேன். பத்து வருடம். என் வயதுக்கு அதற்கு மேல் உத்தரவாதம் தர முடியாது. மகனிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுவேன், அதற்கப்புறம் வேறு யாராவது வரட்டும்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. நோட்டுகளுக்கு அவரே 1 முதல் 7 வரை எண் போட்டிருக்கிறார். 4-ஆம் நோட்டு பெட்டியில் இல்லை. 5-ஆம் நோட்டின் முதல் பக்கத்தில், அதைப் படிக்கக் கேட்ட ஒருவரிடம் கொடுத்திருப்பதாகச் சின்னக் குறிப்பு மட்டும் இருக்கிறது, பெயர் எழுதவில்லை. தென்காசி, மேலகரம், இலஞ்சிப் பக்கத்து அன்பர்கள் தயவுசெய்து உங்கள் பரணையும் பழைய பீரோவையும் ஒரு முறை பாருங்கள். பச்சை அட்டை, நீள நோட்டு, கடைசியில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கும். கிடைத்தால் எனக்குத் தகவல் சொன்னால் போதும், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.